நிறுத்தி வைக்கும் டிரெய்லருக்கு எந்தக் கட்டை ஏற்றது?

நாஞ்சில் நாட்டில் டிராக்டர் டிரெய்லர் ஆண்டு முழுவதும் ஓடுவதில்லை. புரட்டாசியில் கன்னிப்பூ அறுவடையின்போதும், மாசியில் கும்பப்பூ அறுவடையின்போதும் அதற்கு ஓய்வு கிடையாது. உரம், மண், செங்கல், தேங்காய் என்று இடையிடையே சில நடைகள் உண்டு. மீதி நாட்களில் அது களத்து ஓரத்திலோ, புரையிடத்து மூலையிலோ, தென்னை விளையிலோ நின்றுகொண்டுதான் இருக்கும்.

ஓடும் டிரெய்லரை விவசாயி கவனிக்கிறார். நிற்கும் டிரெய்லரை யாரும் கவனிப்பதில்லை. இழுவைச் சட்டத்தின் அடியில் கைக்குக் கிடைத்த உடைந்த செங்கல்லை வைக்கிறார்கள். சக்கரத்தின் முன் ஒரு உருண்டைக் கல்லை உருட்டி விடுகிறார்கள். ஒரு மழை பெய்ததும் செங்கல் மண்ணில் புதைகிறது, வண்டி ஒரு பக்கம் சாய்கிறது. சாய்ந்த பக்கத்து டயர் பாரம் தாங்காமல் நசுங்குகிறது. தொட்டியில் தேங்கும் நீர் தளத் தகட்டை அரிக்கிறது. இவை பண நட்டம். வண்டி உருண்டாலோ, முட்டு நழுவினாலோ அருகில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து.

ஆகவே, நிற்கும் வண்டியை மட்டப்படுத்தவும் அசையாமல் நிறுத்தவும் எந்தப் பொருள் ஏற்றது என்பதை அறிந்துகொள்வது அவசியம். பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடை என்று பொருள். வண்டிக்காரருக்கோ அது காவல்.

முதலில் நிலத்தை அறிக

எந்தக் கட்டையும் அது நிற்கும் மண்ணைவிடப் பலமானதாக இருக்க முடியாது. குமரி மாவட்டத்து மண் ஓரிடத்தைப் போல் மற்றோரிடத்தில் இல்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களின் நெல் ஏலாக்களில் களிப்புள்ள வயல் மண் உண்டு. கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் சரிவான செம்மண் விளைகளும் ரப்பர் தோட்டங்களும் மிகுதி. கடலோரத்தில் மணல். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டமாதலால், காய்ந்தபோது கல் போல் இருக்கும் தரை இரண்டு நாள் மழையில் குழைந்துவிடும். 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் நீர் கால்வாய்களில் ஓடும் மாதங்களில், கால்வாய்க் கரையை ஒட்டிய இடங்கள் மழை இல்லாமலே ஊறிக் கிடக்கும். அத்தகைய இடத்தில் பாரவண்டியை நிறுத்தாமல் இருப்பதே நல்லது.

மண்ணைச் சோதிக்கக் கருவி தேவையில்லை. கட்டை விரலே போதும். மேல் மண்ணைச் சிறிது நீக்கிவிட்டு விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். நகம் மட்டுமே பதிந்தால் கெட்டித் தரை. ஓரளவு அழுத்தியதும் விரல் பதிந்தால் மென்மையான தரை, அதில் அகலமான அடிப்பலகை கட்டாயம். அழுத்தாமலே விரல் உள்ளே போனால் வண்டியை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும்.

பாரத்தைப் பரப்ப வேண்டும்

சேற்றில் காலணியின் குதிகால் புதைகிறது. அதே சேற்றில் பலகையைப் போட்டு நடந்தால் கால் புதைவதில்லை. ஆளின் எடை ஒன்றுதான், அது பரவும் இடம் மட்டுமே மாறுகிறது. டிரெய்லருக்கும் இதே கணக்குதான்.

இழுவைச் சட்டத்தின் முன் தாங்கியில் 600 கிலோ பாரம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். தாங்கியின் பாதம் 10 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் கொண்டது. பரப்பு 100 சதுர செ.மீ. எனவே ஒவ்வொரு சதுர செ.மீ. மண்ணும் 6 கிலோவைத் தாங்க வேண்டும். ஈரமான வயல் மண்ணால் இது முடியாது. அதே பாதத்தின் கீழ் 30 செ.மீ. சதுரப் பலகையை வைத்தால் பரப்பு 900 சதுர செ.மீ. ஆகிறது. சுமை முக்கால் கிலோவுக்கும் கீழே இறங்கிவிடும். 40 செ.மீ. சதுரப் பலகையானால் பரப்பு 1,600 சதுர செ.மீ. அப்போது சுமை அரைக் கிலோவுக்கும் குறைவு.

பலகை மெல்லியதாக இருந்தால் நடுவில் வளைந்து ஓரங்கள் மேலே தூக்கிக்கொள்ளும். அப்போது பாரம் முழுப் பரப்புக்கும் பரவாது. ஆகவே அடிப்பலகைக்கு 5 செ.மீ. கனமாவது வேண்டும். இரண்டு பலகைகளை ரேகை ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கும்படி ஆணி அடித்துச் சேர்த்தால் எளிதில் பிளக்காது.

மரக்கட்டை

எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தால் விவசாயிக்கு ஏற்ற முதல் பொருள் மரமே. வைரம் பாய்ந்த மரம் பாரத்தைத் தாங்கும். இரும்பும் கல்லும் போல வழுக்காது. எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. மரம் முறியுமுன் நசுங்கும், விரியும், முனகும். முன்னறிவிப்புத் தராமல் உடைவது அரிது.

ஆயினும் எல்லா மரமும் ஒன்றல்ல. புளி, வேங்கை, கருவேல், தேக்கு ஆகியவை சிறந்தவை. பழைய நாளில் மாட்டுவண்டிச் சக்கரத்துக்குக் கருவேலைத் தேடியது அதன் உறுதிக்காகவே. இம்மாவட்டத்தில் நிறையக் கிடைக்கும் அயினியும் பலாவும் நல்லவையே. வீடு பிரிக்கும்போது கிடைக்கும் பழைய உத்தரத் துண்டுகள் நன்கு உலர்ந்திருப்பதால் மேலும் ஏற்றவை. ஆனால் உளுத்துப்போன பகுதியையும் பழைய துளைகள் நிறைந்த பகுதியையும் அறுத்து நீக்கிவிட வேண்டும்.

பனையின் வெளிப்புற வைரம் மிக உறுதியானது. உள்சோறு பாரம் தாங்காது. தென்னையும் அப்படியே. முதிர்ந்த தென்னையின் அடிப்பகுதியில், வெளிச்சுற்றிலிருந்து அறுத்த துண்டு பயன்படும். நடுப்பகுதியும் தலைப்பகுதியும் பயன்படா. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் இம்மாவட்டத்தில் தென்னையும் ரப்பரும் பெருமளவில் சாய்ந்தன. விழுந்த மரத்தில் கட்டை அறுக்கும்போது இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

ரப்பர் மரம் பச்சையாக இருக்கும்போது உறுதியாகத் தோன்றும். மருந்து ஏற்றாத ரப்பர் மரத்தை வண்டும் பூஞ்சையும் விரைவில் தாக்கும். வெளியே நன்றாகத் தெரியும் கட்டை உள்ளே மாவாகியிருக்கும். போரான் மருந்து ஏற்றி உலர்த்திய ரப்பர் பலகையைக் கூரைக்கு உட்பட்ட இடத்தில் பயன்படுத்தலாம். மழையில் நனையும் இடத்துக்கு அது வேண்டாம். இலவு, முருங்கை, முருக்கு போன்ற மெல்லிய மரங்களை விறகுக்கு விட்டுவிடலாம்.

கருங்கல்

பாரம் தாங்குவதில் கருங்கல்லுக்கு நிகரில்லை. ஆனால் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, வடிவம். உருண்டைக் கல் உருளும். இருபுறமும் தட்டையாகக் கொத்திய கல் மட்டுமே ஏற்றது. இரண்டாவது, வழுக்கல். கல்லின்மேல் இரும்புத் தாங்கி நேரடியாக நின்றால், மழை ஈரத்தில் சிறு அசைவும் அதை நழுவச் செய்யும். ஆகவே கல் அடியில் இருக்கலாம், இரும்புக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு மரத்துண்டு இருக்க வேண்டும். கல் மரத்தை மண் ஈரத்திலிருந்தும் கரையானிடமிருந்தும் காக்கும். மரம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். நெடுநாள் நிறுத்தத்துக்கு இந்தக் கூட்டு மிகவும் சிறந்தது.

செங்கல், வெட்டுக்கல், காங்கிரீட்

நாட்டுச் செங்கல் சுவரில் வரிசையாக, சாந்துடன் கட்டப்படும்போது பாரம் தாங்கும். தனிச் செங்கல்லின் நடுவில் இரும்புமுனை இறங்கினால் இரண்டாகப் பிளக்கும். நனைந்த செங்கல்லின் பலம் மேலும் குறையும். செங்கல்லை வண்டிக்கு முட்டாக வைப்பதை அடியோடு விட்டுவிட வேண்டும்.

மேற்குத் தாலுகாக்களில் கிடைக்கும் வெட்டுக்கல், நிலத்திலிருந்து எடுக்கும்போது மென்மையாக இருந்து காற்றுப்பட்டுக் கெட்டிப்படுவது. ஆனால் கல்லுக்குக் கல் பலம் மாறும். ஓரம் உதிரும். பாதையில் குழி நிரப்ப அது உதவும், முட்டுக் கொடுக்க உதவாது.

ஹாலோ பிளாக் எனப்படும் உள்ளீடற்ற காங்கிரீட் கல்லே யாவற்றிலும் ஆபத்தானது. பார்வைக்குப் பெரிதாகவும் சதுரமாகவும் இருப்பதால் நம்பிக்கை தருகிறது. சுவரில் பாரம் சீராகப் பரவும் வரையில்தான் அதன் பலம். தாங்கியின் பாரம் ஓரிடத்தில் குவிந்ததும் அது கண்ணாடி போலச் சிதறும். சிதறுமுன் ஓசையும் இல்லை, விரிசலும் தெரியாது. இதை வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் யாரும் புகுதல் கூடாது.

காங்கிரீட்டே வேண்டும் என்போர், 40 செ.மீ. சதுரம், 10 செ.மீ. கனத்தில் கம்பி வலை வைத்துத் திடமான பலகையாக வார்த்துக்கொள்ளலாம். இது அடித்தளமாக மட்டும் பயன்படும். மேலே மரத்துண்டு இருக்க வேண்டும்.

இரும்பு, டயர், பிளாஸ்டிக், மணல் மூட்டை

இரும்புத் தகடு மெல்லியதானால் வளையும். கனமானதானால் விலை அதிகம், ஈரத்தில் வழுக்கும், கடற்காற்றில் துருப்பிடிக்கும். பட்டறையில் கோண இரும்பைப் பற்றவைத்துச் செய்யும் நாற்கால் தாங்கி நல்லது. அதன் கால்கள் கூர்மையாக மண்ணில் இறங்காமல் அடியில் தகடு வைத்துப் பற்ற வேண்டும்.

பழைய டயர் துண்டு சிமெண்டுக் களத்தில் கட்டை வழுக்காமல் இருக்க அடியில் விரிக்க உதவும். ரப்பர் அமுங்கி எழும் இயல்புடையதாதலால், அதை மட்டக் கட்டையாக அடுக்கக் கூடாது.

வெளிநாடுகளில் உல்லாச வண்டிகளுக்கென்று பிளாஸ்டிக் மட்டக் கட்டைகள் விற்கிறார்கள். அவை எடை குறைந்தவை, கரையான் அரிக்காதவை. ஆனால் மலிவான பிளாஸ்டிக் நம் வெயிலில் சில ஆண்டுகளில் நொறுங்கும் தன்மை அடையும். அவற்றில் குறித்திருக்கும் பார அளவுக்கு மேல் ஏற்றவும் கூடாது.

மணல் மூட்டை அவசரத்துக்கு உதவும். பிளாஸ்டிக் சாக்கு வெயிலில் கிழிந்து மணல் கொட்டிவிடுமாதலால், ஓரிரு நாளுக்கு மேல் அதை நம்பக் கூடாது.

எவ்வளவு உயர்த்த வேண்டும்?

கண்ணளவில் மட்டம் பார்ப்பது தவறு. கொத்தனாரின் ரசமட்டம் ஒன்று போதும். இல்லையேல் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய் டியூபைக் கொண்டு இரு முனைகளிலும் நீரின் உயரத்தை ஒப்பிடலாம்.

எடுத்துக்காட்டாக, 60 செ.மீ. நீள ரசமட்டத்தைத் தொட்டித் தளத்தில் குறுக்கே வைக்கும்போது குமிழ் ஒரு பக்கம் ஓடுகிறது. தாழ்ந்த முனையை 2 செ.மீ. உயர்த்தினால் குமிழ் நடுவுக்கு வருகிறது. இரு சக்கரங்களுக்கும் இடையே உள்ள தூரம் 150 செ.மீ. என்றால், இரண்டை 150ஆல் பெருக்கி 60ஆல் வகுக்க வேண்டும். விடை 5. தாழ்ந்த பக்கச் சக்கரத்தை 5 செ.மீ. பலகையில் ஏற்றினால் குறுக்கு மட்டம் சரியாகும். ஈர மண்ணில் பலகை சிறிது அழுந்துமாதலால், ஏற்றிய பின் மறுபடியும் பார்க்க வேண்டும்.

செய்யும் ஒழுங்கு

இந்த வேலையில் வரிசை மாறினால் ஆபத்து. கீழ்க்கண்டவாறு செய்ய வேண்டும்.

1. டிராக்டரை இணைத்தபடியே டிரெய்லரை உரிய இடத்தில் நிறுத்தி, குறுக்கு மட்டம் பார்க்க வேண்டும்.

2. தாழ்ந்த பக்கச் சக்கரத்தின் முன் பலகையைப் போட்டு, டிராக்டரால் மெல்ல இழுத்துச் சக்கரத்தை ஏற்ற வேண்டும். டயர் முழு அகலமும் பலகைமேல் அமர வேண்டும். ஓரம் வெளியே தொங்கினால் டயர் கெடும்.

3. இரு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் ஆப்பு வைத்து இறுக்க வேண்டும். ஆப்பின் உயரம் சக்கர விட்டத்தில் நான்கில் ஒரு பங்காவது இருப்பது நல்லது. ஏறத்தாழ 90 செ.மீ. விட்டமுள்ள டயருக்கு 22 செ.மீ. உயர ஆப்பு தேவை.

4. முன் தாங்கியின் கீழ் அடிப்பலகை வைத்துத் தாங்கியை இறக்க வேண்டும். தொட்டியில் பாரம் இருந்தால், குறிப்பாக அது அச்சுக்குப் பின்னால் மிகுந்திருந்தால், பின்பக்கச் சட்டத்தின் அடியிலும் கட்டை அடுக்கி முட்டுக் கொடுக்க வேண்டும்.

5. இவை முடிந்த பிறகே இணைப்பு ஊசியைக் கழற்ற வேண்டும். பின்பாரம் மிகுந்த இருசக்கர டிரெய்லரில் முட்டில்லாமல் ஊசியைக் கழற்றினால் இழுவைச் சட்டம் மேல்நோக்கித் தூக்கி எறியும். குனிந்து நிற்பவரின் முகத்தில் அடிபடும்.

6. கடைசியாக, முன் தாங்கியை ஏற்றி இறக்கி நீள மட்டத்தைச் சரிசெய்ய வேண்டும்.

கட்டைகளை உயரமாக அடுக்க நேர்ந்தால், இரண்டு கட்டை நெடுக்காகவும் அதன்மேல் இரண்டு கட்டை குறுக்காகவும் சதுரமாக அடுக்க வேண்டும். அடுக்கின் உயரம் அதன் அகலத்தை மீறாதிருப்பது பாதுகாப்பு. ஒற்றை மரத்துண்டை நெட்டாக நிறுத்துவது கூடாது. அது பாரம் தாங்கினாலும் சாய்ந்துவிடும்.

எல்லா வண்டிக்கும் ஒரே மட்டமா?

திறந்த வெளியில் நிற்கும் காலி டிரெய்லருக்கு முழு மட்டம் தேவையில்லை. குறுக்கே மட்டமாகவும், நீளவாக்கில் பின்கதவை நோக்கி 3 மீட்டருக்கு ஏழெட்டு செ.மீ. சரிவாகவும் நிறுத்தினால் மழைநீர் வடிந்துவிடும். பின்கதவைச் சற்றுத் திறந்து வைக்க வேண்டும்.

சக்கரம் பூட்டிய கதிரடிக்கும் இயந்திரத்துக்கோ மட்டம் மிகவும் அவசியம். அறுவடை இயந்திரங்கள் பெருகிவிட்ட போதிலும், அவை இறங்க முடியாத சிறு வயல்களுக்கு இதன் பயன் இன்னும் உண்டு. இயந்திரம் ஒரு பக்கம் சாய்ந்தால் சல்லடையில் நெல் அந்தப் பக்கமே ஒதுங்கும். குவிந்த நெல் சலிக்கப்படாமல் பதருடன் வெளியேறும். இங்கே கட்டைக்குச் செலவழிப்பது நெல்லாகத் திரும்பி வரும்.

படுக்கை, சமையல் வசதியுள்ள சுற்றுலா வண்டிகளுக்கும் முறை இதுவே. அண்டை மாநிலமான கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. தோப்பில் இத்தகைய வண்டிகளுக்கு இடம் விட நினைக்கும் விவசாயிகள், கெட்டிப்படுத்திய தரையையும் சில நல்ல கட்டைகளையும் தயாராக வைத்திருப்பது நலம். வண்டியின் நான்கு மூலைத் தாங்கிகளும் ஆட்டத்தைத் தடுப்பதற்கே உரியவை, வண்டியைத் தூக்குவதற்கு அல்ல. முதலில் சக்கரத்தைப் பலகையில் ஏற்றி மட்டப்படுத்திய பிறகே அவற்றை இறக்க வேண்டும்.

மாதக்கணக்கில் நிறுத்தும்போது

இரண்டு மாதத்துக்கு மேல் ஓட்டமில்லை என்றால், டயர் தரையைத் தொடாதபடி அச்சைக் கட்டை அடுக்கின்மேல் ஏற்றி வைப்பது சிறந்தது. ஜாக்கியால் தூக்கி, அச்சின் இருபுறமும் அடுக்கு வைத்து, பிறகு ஜாக்கியை எடுத்துவிட வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு உரியது, தாங்கி நிற்பதற்கு அல்ல. ஏற்றி வைக்க வசதி இல்லாதவர்கள் காற்றைக் குறையாமல் பார்த்து, மாதம் ஒரு முறை சக்கரத்தைக் கால்சுற்று நகர்த்தி நிறுத்தினால் ஒரே இடத்தில் டயர் நசுங்காது.

ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய பகுதிகளில் காற்று வலுவாக வீசும் மாதங்களில், உயரமாக வைக்கோல் ஏற்றிய டிரெய்லரைக் காற்றுக்குக் குறுக்காக நிறுத்தக் கூடாது. காற்று வரும் திசையை நோக்கி நீளவாக்கில் நிறுத்தி, நான்கு ஆப்புகளையும் சரிபார்க்க வேண்டும்.

உயிர்க்காவல்

டிப்பர் தொட்டியை ஹைட்ராலிக் விசையால் தூக்கி வைத்துவிட்டு அடியில் பழுது பார்ப்பவர்கள் உண்டு. எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்தால் தொட்டி நொடியில் இறங்கிவிடும். இரும்புத் தாங்கியோ வைரக் கட்டையோ இருபுறமும் முட்டாக நிற்காமல் தூக்கிய தொட்டியின் கீழ் கையைக்கூட நீட்டக் கூடாது.

நிற்கும் டிரெய்லரின் நிழல் குழந்தைகளுக்கு விளையாட்டு இடம். ஆப்பைப் பிடுங்கி விளையாடுவதும் அவர்களுக்கு இயல்பு. ஆப்பும் கட்டையும் தொட்டு விளையாடும் பொருள் அல்ல என்பதை வீட்டில் சொல்லி வைக்க வேண்டும். சரிவான விளையில் வண்டியை வீட்டுக்கு நேர் மேலே நிறுத்தாதிருப்பது இன்னும் நல்லது.

ஒரு செட் கட்டை

ஒரு டிரெய்லருக்குத் தேவையான கட்டைகளை உள்ளூர்த் தச்சரிடம் ஒரே முறையில் செய்து வாங்கிவிடலாம். 40 செ.மீ. சதுர அடிப்பலகை 3, 30 செ.மீ. அகலம், 90 செ.மீ. நீளமுள்ள சக்கரப் பலகை, 5 செ.மீ. கனத்தில் 2, இரண்டரை செ.மீ. கனத்தில் 2, ஆப்பு 4, 10 செ.மீ. சதுரம், 45 செ.மீ. நீளமுள்ள அடுக்குக் கட்டை 12. சக்கரப் பலகையின் முனைகளைச் சரிவாகச் செதுக்கினால் டயர் எளிதில் ஏறும். ஆப்புகளை இரண்டிரண்டாகக் கயிற்றில் கட்டி வைத்தால் காணாமல் போகா. எடுக்கும்போது சக்கரத்துக்கு அருகில் கையை விடவும் தேவையில்லை.

கட்டைகளுக்கு முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெய் பூசினால் கரையானும் ஈரமும் அணுகுவது குறையும். படகு மரத்துக்குப் பூசும் அதே எண்ணெய்தான் இது. தோலில் பட்டால் புண்ணாகுமாதலால் கையுறை அவசியம். பூசியதை நன்கு உலரவிட்டே பயன்படுத்த வேண்டும். இல்லையேல் வழுக்கும். ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொரு கட்டையையும் சுத்தியால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று ஒலித்தால் நல்லது. பொத்தென்று ஒலித்தால் அது அடுப்புக்கு உரியது.

வண்டியை நிறுத்திய மறுநாள் காலையிலும், ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும், கட்டைகள் புதைந்தனவா, ஆப்பு தளர்ந்ததா என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து வருவது போதும். ஐந்து நிமிட வேலைதான். அடுத்த அறுவடைக்கு டிராக்டரைப் பூட்டும் நாளில் டயரும் தளமும் ஆட்களும் நலமாக இருப்பார்கள்.